பாவித்த மதர்போர்ட்டா, பெட்டி உடைக்காத புதுசா? கொழும்பில் வாங்கப் போகிறவர்களுக்கு

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குள் போய் "இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 புரொசசருக்கு ஒரு மதர்போர்ட் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் பளபளக்கும் பெட்டியில் "பிரேண்ட் நியூ" என்று ஒன்றை எடுத்து வைப்பார்கள். இன்னொரு கடையில், குமிழிப் பிளாஸ்டிக் சுற்றி, ஸ்குரூ ஓட்டையைச் சுற்றிப் பழைய தடம் தெரிகிற ஒன்றைக் காட்டி "ரீஃபர்பிஷ்ட், நல்ல சாமான்" என்பார்கள். இரண்டில் எதை எடுப்பது? அந்த இடத்தில் நான் பாவித்ததைத்தான் எடுப்பேன். இதே கேள்வியைப் பன்னிரண்டாம் தலைமுறைப் புரொசசர் வைத்திருப்பவர் கேட்டால், அநேகமாகப் புதுசு என்பேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற புரொசசரும் ரேமும்தான் இதைப் பாதி தீர்மானிக்கின்றன. மீதியைத் தீர்மானிப்பது, அந்தப் போர்ட்டை யார் சோதித்தார்கள், எத்தனை நாளைக்கு அதற்குப் பொறுப்பு நிற்கிறார்கள் என்பது. விலை அதற்குப் பிறகுதான்.

ஆனால் கடைக்குப் போக முன்னர் ஒன்று. பழுதானது மதர்போர்ட்தானா?

2022இல் நம் எல்லோருக்கும் நடந்தது நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. கரண்ட் திரும்பி வரும்போது ஒரு துள்ளலோடு வரும். அப்படி ஒரு இரவு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கணினி நின்றது, பிறகு பட்டனை அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை. தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "போர்ட் போயிட்டு" என்றார்கள். டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறிக்கொண்டிருந்த காலம் அது, அன்றைய விலைக்கு ஒரு போர்ட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூட்டினால் அதுவும் உயிர் பெறவில்லை. கடைசியில் பழுது பவர் சப்ளையில். பழைய போர்ட் இன்றைக்கும் என் தங்கையின் வீட்டில் ஓடுகிறது. அந்தக் காசு எனக்குத் திரும்பவில்லை, ஆனால் அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே முதலில் வேறொரு நல்ல பவர் சப்ளையை மாட்டிப் பாருங்கள், நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி. நாணயம் போல இருக்கிற சிஆர்2032 பற்றரியைக் கழற்றிப் புதுசு போடுங்கள். அது மலிவான சாமான், மூன்று வோல்ட் இருக்க வேண்டியது, இறங்கிப்போனால் சில போர்ட்கள் விசித்திரமாக நடந்துகொள்ளும். ரேமை எல்லாம் கழற்றி, தங்க நிறப் பற்களைத் துடைத்து, ஒன்றை மட்டும் ஒரு துளையில் போட்டுப் பாருங்கள், பிறகு அடுத்த துளையில். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். போர்டைக் கேஸுக்கு வெளியே எடுத்து ஒரு மட்டை மேல் வைத்து இயக்கிப் பாருங்கள், ஏனென்றால் கேஸுக்குள் விழுந்த ஒரு ஸ்குரூவோ, சூட்டுக்காகப் போய்ப் படுத்த ஒரு பல்லிக்குட்டியோ போதும், போர்ட் செத்தது போல் இருக்கும். இவ்வளவும் செய்தும் அசையவில்லை என்றால் சரி, போர்ட்தான்.

இப்போது புரொசசர். இன்டெல்லில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை என்றால் சொக்கெட், அதாவது போர்ட்டில் புரொசசர் உட்காரும் இடம், எல்ஜிஏ 1155, நான்காம் தலைமுறைக்கு 1150, ஆறாம் தலைமுறையில் இருந்து ஒன்பது வரை 1151, பத்தும் பதினொன்றும் 1200, பன்னிரண்டில் இருந்து பதினான்கு வரை 1700. இதில் 1151தான் ஆட்களைக் கவிழ்க்கிற இடம். பின்களின் (ஊசிகளின்) எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் ஆறு, ஏழாம் தலைமுறைக்கு எச்110, பி250 போன்ற போர்ட்கள். எட்டு, ஒன்பதுக்கு எச்310, பி360 போன்ற போர்ட்கள். மாற்றிப் போட்டால் உட்காரும், ஆனால் இயங்காது. பாவித்த போர்ட் விற்கிற கடைகளில் "1151தானே, போகும் அண்ணா" என்று சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். தயாரித்த கொம்பனியின் இணையத்தளத்தில் அந்த மொடலைத் தேடி, அது ஏற்கிற புரொசசர் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று கடைக்குள் நின்றே போனில் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஏஎம்டி புரொசசர் வைத்திருப்பவர்களுக்கு வாழ்க்கை கொஞ்சம் சுலபம். 2016இல் வந்த ஏஎம்4 சொக்கெட்டுக்கு இன்னும் புதுப் போர்ட் வாங்கலாம், அந்தக் கொம்பனியின் ரைசன் புரொசசர்களில் முதல் வரிசையில் இருந்து 5000 வரிசை வரை அதே சொக்கெட்தான். ஆனால் பயோஸ், அதாவது போர்ட்டை முதலில் எழுப்புகிற மென்பொருள், பழசாக இருந்தால் 5000 வரிசையை அது அடையாளம் காணாது. பி450 போர்ட் ஒன்றைப் பாவித்ததாக வாங்கினால், பயோஸைப் புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து அதைச் செய்யப் பழைய புரொசசர் ஒன்றுக்கு அலைய வேண்டி வரும். ஏஎம்5 எடுப்பவர்கள் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும் என்பதைக் கணக்கில் எடுங்கள், கையில் இருக்கிற டிடிஆர்4 அங்கே உதவாது.

சரி, தொடக்கத்தில் சொன்ன கதைக்கு வருகிறேன். நான்காம் தலைமுறை வந்தது 2013இல். அதற்கான எச்81 போர்ட்களைப் பெயர் பெற்ற கொம்பனிகள் செய்வதை விட்டு வெகுகாலம். அப்படியானால் கடையில் இருக்கிற அந்தப் பெட்டி உடைக்காத எச்81 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சீனாவில், பழைய போர்ட்களில் இருந்து கழற்றியெடுத்த சிப்செட் என்ற முக்கிய சிப்பைப் புதுப் பலகை ஒன்றில் ஒட்டிச் செய்தது. எச்61, பி75 போர்ட்களும் இதே கதைதான். பலகை புதுசு, பெட்டி புதுசு, மூளை பழசு. அதோடு பவர் பகுதியில் செலவைக் குறைத்திருப்பார்கள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற மொஸ்ஃபெட் மேல் வெப்பம் வெளியேற்றுகிற அலுமினியத் துண்டு இராது, பயோஸுக்குப் புதுப்பிப்பு என்ற ஒன்றே வராது, தயாரித்தவரின் இணையத்தளம்கூடக் கிடைக்காது. எல்லாமே கெட்டுப்போகும் என்று சொல்ல மாட்டேன், ஐ3 ஒன்றைப் போட்டு ரியூசன் வகுப்புப் பார்க்கிற வேலைக்கு அவை வருடக்கணக்கில் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே விலைக்கு ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ போன்ற கொம்பனி ஒன்று 2014இல் ஒழுங்காகச் செய்த போர்ட், சுத்தமாக, சோதித்த நிலையில் கிடைக்குமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். இங்கே "புதுசு" என்ற சொல்லை நம்பாதீர்கள்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது ரைசனில் 2000 வரிசையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆகவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே போர்ட் ஒன்றுக்குக் காசு போட முன்னர், அந்த இயந்திரத்தை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஓடுவீர்கள் என்றால் கவலை இல்லை. பிள்ளை உயர்தரம் முடிக்கும்வரை ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் போதும் என்றாலும் சரி. அதற்கு மேல் என்றால் பாவித்த எட்டாம் தலைமுறைப் போர்ட், புரொசசர், டிடிஆர்4 ரேம் மூன்றையும் ஒரே கடையில் சேர்த்து விலை கேளுங்கள். பழைய போர்ட்டுக்கு மட்டும் போடுகிற காசோடு ஒப்பிட்டால் பலருக்கு அதுதான் புத்தியான செலவாகப் படும்.

அப்படித் தேடும்போது டெல், எச்பி, லெனோவோ அலுவலகக் கணினிகளில் இருந்து கழற்றிய போர்ட்கள் மலிவாகக் கண்ணில் படும். கவனம். அவற்றுக்குப் பல மொடல்களில் வழக்கமான 24 பின் பவர் பிளக் கிடையாது, 6, 8, 14 என்று ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒரு விதம். முன்பக்கப் பட்டன் வயர் பொருந்தாது, ஸ்குரூ ஓட்டைகள் உங்கள் கேஸோடு சேராது, காற்றாடியைக் காணவில்லை என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டி நிற்கும். பயோஸுக்குப் பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் போட்டிருந்தால் இன்னும் தலையிடி. அதே கொம்பனியின் அதே மொடல் கணினிக்குள் போடத்தான் என்றால் மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் முழுக் கணினியாகவே வாங்குங்கள்.

இனி "ரீஃபர்பிஷ்ட்" என்ற சொல். இதற்குக் கொழும்பில் ஒரு அர்த்தம் இல்லை. தயாரித்த தொழிற்சாலையே திருப்பி எடுத்துச் சோதித்து விற்றதும் ரீஃபர்பிஷ்ட், வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து தொகையாக வந்த கணினிகளில் கழற்றித் தூசு தட்டியதும் ரீஃபர்பிஷ்ட், செத்துப்போனதைச் சூடு காட்டி எழுப்பியதும் ரீஃபர்பிஷ்ட்தான். ஆகவே சொல்லைக் கேட்டுத் திருப்திப்படாமல், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

"தம்பி, இதில் என்ன திருத்தினீங்கள்?"

"ஒண்டும் திருத்தேல்ல அண்ணா, கழட்டித் துப்புரவாக்கினது, டெஸ்ட் பண்ணினது."

இது நல்ல பதில். திருத்தாத போர்ட்தான் பாவித்தவற்றில் சிறந்தது. "நெட்வேர்க் வயர் செருகுற லான் துளை மாத்தினது", "ஒரு கப்பாசிட்டர் மாத்தினது" என்றாலும் பரவாயில்லை, ஒளிக்காமல் சொல்கிறார், வேலையும் சின்னது. ஆனால் சிப்செட்டுக்குச் சூடு போட்டது, ரீஃப்ளோ செய்தது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். சிப்பின் அடியில் விட்டுப்போன ஈயத்தைச் சூட்டால் தற்காலிகமாக ஒட்டவைக்கிற வேலை அது. சில வாரமோ சில மாதமோ ஓடும், பிறகு மறுபடி அதே இடத்தில் விடும். கேட்டதற்கு எரிச்சல்படுகிற கடையில் நான் மேலே பேசுவதில்லை.

கேட்டு முடிந்ததும் போன் டோர்ச்சைப் போட்டுப் பாருங்கள், இதற்கு வெட்கப்படவே வேண்டாம். இன்டெல் போர்ட்டில் பின்கள் போர்ட்டில்தான் இருக்கின்றன, ஏஎம்4இல் அவை புரொசசரில். எனவே இன்டெல் என்றால் சொக்கெட் மூடியைத் திறந்து, போர்டைச் சரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வைத்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி மின்ன வேண்டும், ஒன்று மட்டும் இருட்டாகவோ வேறு திசையிலோ தெரிந்தால் அது வளைந்த பின். போன் கமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சிப்களைச் சுற்றி மஞ்சளும் மண்ணிறமுமாகப் பிசின் போல ஏதாவது காய்ந்திருந்தால் அங்கே ஈய வேலை நடந்திருக்கிறது. குட்டி உருளை போல நிற்கிற கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், வீங்கியிருந்தாலோ அடியில் கசிந்திருந்தாலோ வேண்டாம். போர்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வளைவு தெரியும், பாரமான கூலர் தொங்கிய போர்ட்கள் வளைந்துபோகும். மேலே நகத்தால் உரசியது போன்ற கீறல்கள் செப்புக் கோடுகளை வெட்டியிருக்கிறதா என்று பின்பக்கத்தையும் பாருங்கள்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது, துரு. தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று ரயில் பாதையும் மரைன் டிரைவும் ஓடுகிற அந்தக் கரையோரத்தில் ஜன்னல் திறந்து வைத்த வீட்டுக்குள் உப்புக் காற்று எப்போதும் இருக்கும். அப்படி ஒரு வீட்டில் ஐந்து வருடம் இருந்த போர்ட்டும், குளிரூட்டிய அலுவலகத்தில் பத்து வருடம் இருந்த போர்ட்டும் ஒன்றில்லை. யூஎஸ்பி, லான் துளைகளைச் சுற்றிய தகரத்தைப் பாருங்கள், பற்றரி உட்காரும் கிளிப்பைப் பாருங்கள், ஸ்குரூ ஓட்டையின் வெள்ளி வளையத்தைப் பாருங்கள். வெள்ளைப் பூப் போலவோ பச்சையாகவோ படிந்திருந்தால் உள்ளே நூல் போன்ற கோடுகளிலும் அது தொடங்கியிருக்கலாம். மேலே எவ்வளவு துப்புரவாக்கினாலும் இந்த மூன்று இடத்தில் தடயம் மிஞ்சும்.

பிறகு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் புரொசசரையும் ரேமையும் கையோடு கொண்டுபோங்கள். எல்லா ரேம் துளையும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு துளை செத்த போர்ட்டை அடுத்த துளையில் ரேம் போட்டே காட்டி விற்பது மிகச் சுலபம். பென் டிரைவ் ஒன்றை ஒவ்வொரு யூஎஸ்பியிலும் செருகிப் பாருங்கள், லான் வயர், ஹெட்போன், டிஸ்க் செருகுகிற சாட்டா துளைகள் எல்லாம். பயோஸில் நேரத்தைச் சரி செய்து, பவரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டு, நேரம் நிற்கிறதா பாருங்கள். இதெல்லாம் அரை மணி நேரம் எடுக்கும். சனிக்கிழமை பின்னேரம் கடை நிறைந்திருக்கும்போது போய் இதைக் கேட்டால் யாருக்கும் பொறுமை இராது, கிழமை நாளில் காலையில் போங்கள்.

கடையை விட்டு நேரே ஒருவரின் வீட்டில் விளம்பரம் பார்த்து வாங்குவதும் நல்ல வழிதான், ஒரு நிபந்தனையோடு: அது இன்னும் அவர் கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுவதைப் பார்த்து, கண் முன்னாலேயே கழற்றி எடுத்து வாருங்கள். கழற்றி அலுமாரியில் வைத்ததென்றால் எனக்கு வேண்டாம்.

வாரண்டியில் இரண்டு பக்கமும் கவனிக்க வேண்டியிருக்கிறது. புதுப் போர்ட்டுக்கு மூன்று வருடம் என்பார்கள், பாவித்ததற்கு ஒரு கிழமையில் இருந்து ஆறு மாதம் வரை நான் கண்டிருக்கிறேன். ஆனால் பற்றுச்சீட்டின் பின்னால் இருக்கிற சின்ன எழுத்தை வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று இங்கே பல கடைகளில் அச்சடித்திருக்கும். எரிந்த தடம், கீறல், துரு இருந்தால் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். இடி மின்னலில் போனால் எரிந்த தடம், கரையோரத்தில் வைத்திருந்தால் துரு. அதாவது இங்கே போர்ட் சாகிற முக்கியமான இரண்டு காரணத்துக்கும் மூன்று வருட வாரண்டி உதவாமல் போகலாம். இதனால் புதுசு வேண்டாம் என்று சொல்லவில்லை, மூன்று வருடத்தை முழு மதிப்புக்குக் கணக்குப் போட்டு அதிக விலை கொடுக்காதீர்கள் என்கிறேன். இடி மழைக் காலத்தில் பிளக்கைக் கழற்றுவதும், ஒரு நல்ல யூபிஎஸ் வைப்பதும் அதைவிடப் பெரிய வாரண்டி. லான் வயரையும் கழற்ற மறக்க வேண்டாம், மின்னல் அந்த வழியாலும் வரும்.

பாவித்ததற்கு மூன்று மாதமாவது எழுத்தில் தராவிட்டால் நான் எடுப்பதில்லை. பற்றுச்சீட்டில் மொடல், தொடரிலக்கம், "பாவித்தது" என்ற சொல், வாரண்டி நாட்கள் நான்கும் இருக்க வேண்டும். ஒட்டியிருக்கிற தொடரிலக்கமும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா பாருங்கள், பாவித்ததைப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தால் அங்கேதான் பிடிபடும். பாவித்ததைப் புதுசென்று விற்று, திருப்பிக் கேட்டால் கை விரித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

விலைக்கு என் கணக்கு இது. உண்மையான புதுசு கிடைக்கிற தலைமுறை என்றால், அதாவது இன்டெல் பன்னிரண்டில் இருந்து மேலே அல்லது ஏஎம்4, ஏஎம்5, பாவித்தது புதுசின் விலையில் பாதிக்குக் கீழே இருந்தால்தான் யோசிப்பேன். அதற்கு மேல் என்றால் புதுசு. விலை கேட்கும்போது வற் வரி சேர்த்தா என்று கேளுங்கள், 2024 ஜனவரியில் இருந்து அது 18 சதவீதம், கடைசியில் பில்லில் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். உண்மையான புதுசே இல்லாத பழைய தலைமுறைக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது, அங்கே போர்ட்டின் நிலையும் கடையின் பொறுப்பும்தான் கணக்கு.

போர்டை மாற்ற முன்னர், பழையது இன்னும் மூச்சு விடுகிறது என்றால், விண்டோஸைப் பாருங்கள். அதன் உரிமம் மதர்போர்ட்டோடு கட்டுப்பட்டது, முதலே உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் மாற்றிய பிறகு மீட்கச் சந்தர்ப்பம் இருக்கிறது. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் என்றால் புதுப் போர்ட்டுக்கு வராமலும் போகலாம். அதைவிட முக்கியம், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லொக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், போர்ட் மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் படங்கள், கணக்குகள், பிள்ளையின் ஒப்படைகள் எல்லாம் உள்ளேயே போய்விடும். சாவியை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரவே ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டு விட்டுப் படுங்கள், நான்கு சுற்றும் பிழையில்லாமல் ஓட வேண்டும். அடுத்த நாள் ஓசிசிடி போன்ற சோதனை மென்பொருள் ஒன்றால் ஒரு மணி நேரம் புரொசசரை முறுக்கி, பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து சூட்டைப் பாருங்கள். அறை ஃபேன் ஓடாத மத்தியான வெக்கையில் செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நலிந்த போர்ட் அப்போதுதான் தன்னைக் காட்டும். கணினியை ஸ்லீப்பில் தூங்க வைத்து எழுப்புங்கள், ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். ஏதாவது ஒன்று பிசகினால் "இன்னொருக்கால் வந்தால் பார்ப்பம்" என்று விடாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள், முதல் கிழமையில் போகிறவருக்குத்தான் மாற்றிக் கொடுப்பார்கள், பிறகு போனால் திருத்தித் தருகிறோம் என்பார்கள். வாரண்டி முடிய இரண்டு கிழமை இருக்கும்போது அடிக்கிற மாதிரிப் போனில் ஒரு அலாரமும் வையுங்கள், அன்றைக்கு இந்தச் சோதனைகளை எல்லாம் மறுபடி ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.